படியில் நின்ற டீச்சர்

தூத்துக்குடியில் 1974-இல் தனராஜ் திறந்த டிபார்ட்மென்ட் ஸ்டோரில் சேலை, சோப்பு, சருவப்பானை, குடை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன, வாங்கத்தான் ஆளில்லை. நாசரேத்துப் பள்ளிக்கூட வாத்தியார் வேலையை உதறிவிட்டு வந்தவர் அவர். 'ஒரே விலை, ஒரே சொல்' என்று வாசலில் ஆளுயரப் பலகை. கூட்டிச் சொல்லிக் குறைத்துக் கொடுப்பது பொய், பொய் பாவம் என்பது அவர் கட்சி. நல்ல கட்சிதான். மூன்று மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கும் இதே கதி என்றால் கடையைப் பூட்டிவிட்டு மறுபடி சாக்பீஸ் பிடிக்க வேண்டியதுதான்.

டிசம்பர் முதல் வாரம் ஜெபகனி டீச்சர் வந்தாள். சபையின் பெண்கள் சங்கத் தலைவி. அவள் சேலை எடுக்கிற கடையில்தான் சபையே எடுக்கும். நீலச் சேலை ஒன்றை விரித்துப் பார்த்தவள், "எவ்வளவுக்குத் தருவீய அண்ணாச்சி?" என்றாள்.

"முப்பத்திரண்டு ரூவா. சீட்டுல போட்டிருக்கே டீச்சர்."

"அது கெடக்கட்டும். முடிவாச் சொல்லுங்க."

"அதுதான் முடிவு."

டீச்சர் படியிறங்கினாள். செருப்பை மாட்ட அத்தனை நேரம் எடுத்துக்கொண்டாள். வானத்தைப் பார்த்தாள். குடையை விரித்து மடக்கினாள். படியிறங்கியவரைத் திரும்பக் கூப்பிடுவதுதான் மரியாதை என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். தனராஜ் கூப்பிடவில்லை. உண்மையிலிருந்து எப்படி இரண்டு ரூபாயைக் குறைப்பது?

மனுசரை மதிக்கத் தெரியாத கடை என்று மறுநாளே சபை முழுக்கப் பேச்சு.

அவருடைய மனைவி அற்புதமணிக்குப் பொறுக்கவில்லை. அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து விலைச்சீட்டுகளை மாற்றிவிட்டாள். நீலச் சேலையில் நாற்பத்தைந்து என்று எழுதி, அதை அடித்து, கீழே முப்பத்தாறு. வாசலில் 'கிறிஸ்துமஸ் தள்ளுபடி'.

"இது பொய்யில்லையா?" என்று பதறினார் தனராஜ்.

"ஒங்க உண்மைய எத்தன பேரு வாங்குனாவ?"

சாயங்காலம் கூட்டம் நெருக்கியடித்தது. டீச்சரும் வந்தாள். அதே நீலச் சேலை.

"முடிவா எவ்வளவு?"

"முப்பத்தாறு."

டீச்சர் படியிறங்கினாள். அற்புதமணி முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

"டீச்சர்!" தன் குரல் தனராஜுக்கே புதிதாக இருந்தது. "ஒங்களுக்காவ முப்பத்திநாலு."

முதலில் சொன்னதற்கு மேல் இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டு, வாயெல்லாம் பல்லாகப் போனாள் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவள்தான் ஜெபம் செய்தாள். "அநியாய விலை சொல்லிவந்த எங்கள் சகோதரன் தனராஜை மனந்திரும்பப் பண்ணி, நேர்மையாய் வியாபாரம் செய்யக் கிருபை தந்தீரே, ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

சபையே ஆமென் என்றது. தனராஜும் சொன்னார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.