அளியர் என்ற அட்டை

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதியவரே உதாரணமும் எழுதக் கூடாது. அட்டை எதிர்மேசைக்குப் போகும். உதாரணம் கற்பனையாக இருக்கக் கூடாது. படித்ததாகவோ காதால் கேட்டதாகவோ இருக்க வேண்டும். யார், எங்கே, எப்போது சொன்னது என்று அடியில் குறிக்க வேண்டும். என் எதிர்மேசையில் என் அண்ணி. மேலாளர் கையைக் காலைப் பிடித்து அவளை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான்.

நிரந்தர வேலை ஒன்றே ஒன்று காலியானது. அண்ணியும் நானும் உட்பட எல்லோரும் போட்டியில். ஆளுக்கு ஒரு கடினமான சொல், அவரவர் விருப்பப்படி. நன்றாக விளக்கியவருக்கு வேலை. நான் 'அளியர்' எடுத்தேன். துன்பப்படுகிறவர்களைச் சொல்லும் பழைய சொல். அதோடு விட்டிருக்கலாம், என் புத்தி விடுமா? மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதன் வேர் 'அளி'. அளி என்றால் இரக்கம், அன்பு. ஆக, அந்தச் சொல் அவர்கள் படும் பாட்டைச் சொல்லவில்லை. நாம் அவர்களுக்குக் காட்ட வேண்டியதைச் சொல்கிறது. அது பிடிபட்ட அன்று மதியம், அட்டையில் எழுதும் முன்பே, சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் அண்ணியிடம் கொட்டித் தீர்த்தேன்.

"எப்படிம்மா உனக்கு மட்டும் இதெல்லாம் தோணுது!" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் லீவு. அவள் மகனைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். திங்கள் காலை, உதாரணம் எழுதச் சொல்லி ஓர் அட்டை என் மேசைக்கு வந்தது. 'அளியர்'. எழுத்துக்கு எழுத்து நான் சொன்னதுதான். கீழே அண்ணியின் கையெழுத்து.

"அண்ணி, என்ன இது?"

அவள் தலை நிமிரவில்லை. "உன் அண்ணனுக்கு ஆறு மாசமா வேலை இல்ல. நீ தனி ஆளு, சமாளிச்சுக்குவே. நீ கண்டுபிடிச்ச அர்த்தப்படி பார்த்தா நாங்களும் அளியர்தானேம்மா?"

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பேனாவை எடுத்தேன். உதாரணம் என்ற இடத்தில் அவள் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை, 'நீ கண்டுபிடிச்ச' என்று தொடங்கி, ஓர் எழுத்து விடாமல் எழுதினேன். அடியில் குறித்தேன்: 'சொன்னவர், பொருள் எழுதியவரே. எதிர்மேசை. திங்கள் காலை.'

எழுந்து போய் மேலாளரின் தட்டில் போட்டேன். இரக்கமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. போட்ட பிறகுதான் வந்தது.