மூன்றாவது கையெழுத்து

லேவார்டன் நகரில் வாள்வீச்சு என்றால் ஃபென்னா ஹூகெமாவின் பெயரைத்தான் சொல்வார்கள். நான்கு முறை ஹாலந்தின் சாம்பியன். அந்த வெற்றிகளில் பாதி ரெபெக்காவுக்குச் சேரவேண்டியது. வாரத்தில் நான்கு நாள் எதிரே நின்று ஆடியவள் அவள்தான். குத்துவதற்கு முன்பே ஃபென்னாவின் இடது தோள் அசைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பழக்கத்தைத் திட்டித் திட்டியே மாற்றியவளும் அவள்தான்.

ஜெர்மானியர்கள் நாட்டைப் பிடித்த மறு ஆண்டு, யூதர்களை விளையாட்டுச் சங்கங்களிலிருந்து நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ரெபெக்காவும் யூதப்பெண்தான். வாள்வீச்சுச் சங்கச் செயலாளர் ஒரு தாளை நீட்டினார். உறுப்பினர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் சங்கத்தை மூடிவிடுவார்கள், மாதக் கடைசியில் நடக்கும் போட்டிக்கும் போக முடியாது என்றார். ஃபென்னா போட்டாள். யோசிக்கக்கூட இல்லை.

சங்கத்திலிருந்த தன் வாள்வீச்சு முகமூடியை எடுத்துப்போக வந்த ரெபெக்கா சண்டை பிடிக்கவில்லை.

"தோள பாத்துக்கடி" என்றாள். அவ்வளவுதான்.

அந்தப் போட்டியில் ஃபென்னா ஜெயித்தாள். அடுத்த கோடையில் ரெபெக்காவை ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பவில்லை.

அதன்பிறகு ஃபென்னா வாளைத் தொடவில்லை. யூதக் குழந்தைகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பண்ணை வீடுகளில் ஒளித்துவைத்தாள். ஒருமுறை பிடிபட்டாள். விரல்களை முறித்தும் வாய் திறக்கவில்லை. அதையெல்லாம் வீரம் என்று யாராவது சொன்னால் அவளுக்கு உடம்பு கூசும்.

போர் முடிந்ததும் நகரமன்றம் ஃபென்னாவுக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்தது. அதற்கு முந்தின நாள் ரெபெக்காவின் தாயைத் தேடிப் போனாள். எங்கோ ஒளிந்திருந்து பிழைத்தவர் அவர். கதவைத் திறந்தாரே தவிர, உட்காரச் சொல்லவில்லை. ஃபென்னா அந்தத் தாளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

"தெரியும். உம்பேரு மூணாவது. எம்பொண்ணு பாத்துட்டு வந்து சொன்னா."

"நான் என்னம்மா செய்யணும்?"

"என்னை எதுக்குக் கேக்குற? நாளைக்கு மேடை ஏறப்போறல்ல. அங்க சொல்லு."

சொன்னாள். தேதியோடு, தாளில் இருந்த வாசகத்தோடு சொன்னாள். முடித்ததும் யாரோ கைதட்ட, எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். இவ்வளவு அடக்கம் யாருக்கு வரும் என்று மேயர் உருகினார். முதல் வரிசையில் அந்தச் செயலாளரும் கண்ணைத் துடைத்தபடி தட்டிக்கொண்டிருந்தார்.

"இது அடக்கம் இல்லைங்க. நான் நிஜமாவே போட்டேன்" என்றாள்.

அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. மேயர் பதக்கத்தை அவள் கோட்டில் குத்தினார். ஃபென்னா தலையைக் குனிந்துகொண்டு, அவர் குத்தி முடிக்கும்வரை நின்றாள்.