லைட்டுக்கு நிற்பவள்

விடிவதற்கு முன்பே அந்த ஸ்டுடியோவின் தகரக் கூரைக்குக் கீழே வேர்த்துக் கொட்டத் தொடங்கிவிடும். வெளியே நல்ல குளிர். அதை அனுபவிக்கக் கொடுத்துவைத்தவர்கள் போர்வைக்குள் கிடந்தார்கள். உள்ளே லைட்பாய்கள் ஆளுக்கொரு விளக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு செங்குத்தான இரும்பேணியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் சினிமாவில் விளக்குச் சுமக்கிறவன் சாகும்வரை பையன்தான். கூரையை ஒட்டி, செட்டுக்கு மேலே, பலகைகளை அடுக்கிக் கயிற்றில் தொங்கவிட்ட பரண். அதன்மேல்தான் அவர்களுடைய பிழைப்பு.

பரணுக்கு நேர் கீழே, தரையில் சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறியின் மேல் மகாராணி நின்றுகொண்டிருந்தாள்.

அது லைட்பாய்கள் வைத்த பெயர். ஒரு காலத்தில் அவள் ராணி வேஷம் கட்டினால் தியேட்டர் வாசலில் தடியடி நடக்கும். இன்று அவளுக்கு லைட்டுக்கு நிற்கிற வேலை. கதாநாயகி எங்கே நின்று பேசப்போகிறாளோ அங்கே அவளுக்குப் பதிலாகப் போய் நிற்க வேண்டும். மேலே விளக்குகளைத் திருப்பி, கூட்டிக் குறைத்து, காமிராக்காரர் சரி என்று சொல்கிறவரை வெக்கையில் வேக வேண்டும். எல்லாம் சரியானதும் கதாநாயகி குளிர்ந்த அறையிலிருந்து வருவாள், மகாராணி நகர்ந்துகொள்வாள். காமிரா ஓடுவது அதற்குப் பிறகுதான்.

எடுக்கிற படமோ, உலகம் மறந்துபோன ஒரு பழைய நடிகையின் கதை. நடிப்பவள் சின்னப் பெண். அவளுக்கு மேக்கப்காரர் தினமும் விடிகாலையில் உட்கார்ந்து முகமெல்லாம் சுருக்கம் ஒட்டினார். "அங்க காசு குடுத்து ஒட்டறாங்க மகாராணி, உனக்கு ஓசியிலயே வந்திருக்கு," என்று பரணிலிருந்து ஒட்டடை கத்துவான். ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு, கூரையிலேயே வாழ்க்கை, அதனால் அவனுக்கு அந்தப் பெயர். "ஓசியில இல்லடா, தவணையில வந்தது," என்பாள் அவள்.

விளக்கைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கண் கூசும். அவளுக்குக் கூசாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. முகத்தை நிமிர்த்தி, கண்ணைச் சிமிட்டாமல் பரணைப் பார்த்தபடியே நிற்பாள். அன்றும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் பெரிய விளக்குக்கு இரண்டு ஆள். ஒருவன் தாங்கிப் பிடிப்பான், இன்னொருவன் கட்டுவான். இந்தப் படத்துக்குச் செலவைச் சுருக்க வேண்டும் என்று முதலாளி சொன்னபோது அந்த இன்னொருவனைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இருக்கிறவனுக்கும் கூலியில் கொஞ்சம் கடித்துக்கொண்டார்கள்.

"மேனேஜர் சார், இத எடம் மாத்தணும்னா இன்னொரு ஆளு வேணும். பலகை வேற ஆடுது," என்றான் ஒட்டடை மேலேயிருந்து.

"அட்ஜஸ்ட் பண்ணுப்பா. ஹீரோயின் வர்ற நேரம்."

"நேத்தே சொன்னேனே சார்."

"நாளைக்கும் சொல்லிக்கலாம். இப்ப தூக்கு."

ஒட்டடை தூக்கினான். ஒரு கையால் விளக்கை மார்போடு அணைத்துக்கொண்டு மறு கையால் கொக்கியைத் தேடினான். பலகை முறிகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. விளக்கை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்திருந்தால் அவன் தப்பியிருப்பான். விடப்போனவன் ஒரு கணம் குனிந்து கீழே பார்த்தான். நேர் கீழே அவள் நின்றாள். அவன் விளக்கை விடவில்லை. அதைக் கட்டிக்கொண்டே பக்கவாட்டில் சரிந்து, செட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சிமென்ட் தரையில் விழுந்தான்.

அவனைத் தூக்கியபோது இடுப்புக்குக் கீழே துவண்டு தொங்கியது. கம்பெனி காரில் கறை படும் என்று மேனேஜர் தயங்கினார். சாப்பாடு கொண்டுவருகிற வேனில், அண்டாக்களுக்கு நடுவில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள்.

மதியம் முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. அந்த நாற்காலியில் அவள் கடைசியாக உட்கார்ந்தது இவருடைய அப்பா இருந்த காலத்தில். அப்போது இவர் அரைக்கால் சட்டையோடு அந்த மேஜைக்கடியில் விளையாடிக்கொண்டிருப்பார்.

"உங்கள மாதிரி கலைஞர்கள உலகம் மறந்துடுச்சேங்கற வேதனையிலதாம்மா நான் இந்தப் படத்தையே எடுக்கறேன்."

"நல்ல காரியம் சார்."

"கதையில ஹீரோயினுக்கு ஒரு அம்மா வர்றாங்க. அழுதுகிட்டே பேசற சீன் ஒண்ணு இருக்கு. நீங்கதான் பண்றீங்க. டைட்டில்ல உங்க பேரு தனியா வரும்."

அவள் மகளை நினைத்துக்கொண்டாள். 'எங்கம்மா இன்னும் நடிச்சிட்டுத்தான் இருக்காங்க' என்று மாமியார் வீட்டில் மகள் சொல்லி வைத்திருந்தாள். எந்தப் படத்திலும் உங்கம்மாவைக் காணோமே என்று சம்பந்தியம்மா குத்திக்கொண்டே இருப்பாள். அந்தப் பெண் புகுந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடந்து எத்தனை காலம் ஆயிற்று.

"சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வர்றாரு," என்றார் முதலாளி. "கீழ நின்னது நீங்க ஒருத்தர்தான். அவன் காலையிலயே தள்ளாடினான், வாடை அடிச்சுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"அவன் குடிக்கமாட்டானே சார்."

"அது எனக்குத் தெரியாதா? குடிச்சிருந்தான்னா கம்பெனி பொறுப்பில்ல. இல்லேன்னா ஆயுசு முழுக்க அவன் செலவு என் தலையில. படம் நின்னா இத்தன பேரு வயித்துலயும் மண்ணு. பாத்துப் பேசுங்க."

அவள் எழுந்து வந்தாள். மறைப்பானேன், அவள் யோசிக்கத்தான் செய்தாள். மேக்கப் அறையில் அவளுக்கென்று ஒரு புடவையை மடித்து வைத்திருந்தார்கள். அதைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்று, அழுகிற அம்மா எப்படி உதட்டைக் கடிப்பாள் என்று ஒருமுறை கடித்தும் பார்த்தாள். வந்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அழகாக வந்தது. அதுதான் அவளை மேலும் வதைத்தது.

மேக்கப்காரர் பின்னால் வந்து நின்றார். "ஆஸ்பத்திரியில இருந்து அவன் சம்சாரம் போன் பண்ணுச்சு. காலுல உணர்ச்சியே இல்லையாம். கம்பெனி பொறுப்பேத்துக்கிட்டாத்தான் ஆபரேஷனாம்," என்றார். அவள் புடவையைத் திரும்ப மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை.

சாயங்காலம் செட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். லைட்பாய்கள் பரண் விளிம்பில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கேட்டார்: "அந்த ஆளு குடிச்சிருந்தானா?"

"சொல்லுங்கம்மா, பயப்படாம சொல்லுங்க," என்றார் முதலாளி.

"டீகூட குடிக்கலீங்க," என்றாள் மகாராணி. "குடிக்க எங்க விட்டாங்க? இன்னொரு ஆளு வேணும்னு கேட்டான். பலகை ஆடுதுன்னு சொன்னான். நேத்தும் சொன்னானாம். தூக்குன்னுட்டார் மேனேஜர். தூக்கினான், பலகை ஒடஞ்சுது. வெளக்க விட்டிருந்தா அவன் தப்பிச்சிருப்பான், நான் செத்திருப்பேன். என்னைப் பாத்துட்டுத்தான் அத விடல."

முதலாளியின் முகம் கறுத்தது. சிரிக்கப் பார்த்தார். "அங்க நின்னு மேல பாத்தா என்னம்மா தெரியும்? கண்ணு கூசியிருக்கும் உங்களுக்கு."

"எனக்குக் கூசாது தம்பி. உங்கப்பாதான் பழக்கினாரு."

பரணில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். எழுதியதை என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாது. முதலாளியோடு கைகுலுக்கிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

"லைட் ரெடி பண்ணு. ஷாட் எடுத்தாகணும்," என்று முதலாளி மேனேஜரிடம் சீறினார். "இந்தம்மாவுக்கு நாளையில இருந்து வேல இல்ல. வேற யாரையாவது நிறுத்து."

மேனேஜர் துணைநடிகை ஒருத்தியைப் பெருக்கல் குறிக்குக் கைகாட்டினார். அவள் வளையலைச் சரிசெய்துகொண்டே, "எனக்குத் தல சுத்துது சார்," என்றாள். தையல்காரியைக் கூப்பிட்டார். "எனக்கு ஒக்காந்துதான் சார் பழக்கம்," என்றாள் அவள். கூட்டுகிறவளைப் பார்த்தார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒருத்தனுக்கும் உபயோகமில்ல," என்று முனகிக்கொண்டு மேனேஜரே போய்க் குறியின் மேல் நின்றார். "ம், போடுங்கய்யா லைட்ட."

மேலே ஒரு விளக்கு அணைந்தது. பிறகு அதற்குப் பக்கத்து விளக்கு. எரிந்துகொண்டிருந்த எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தன. அரை இருட்டில் மேனேஜர் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார். இரும்பேணியில் கால்கள் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

வாசல் கேட்டுக்கு வெளியே நடைபாதையில் அவர்கள் கூடி உட்கார்ந்தார்கள். மூத்த லைட்பாய் பேசினார். அவருக்குப் பேச்சு வராது, விட்டு விட்டுத்தான் பேசினார். ஒட்டடையின் ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியுடையது. பலகை மாற்றாமல் பரண் ஏறுவதில்லை. பெரிய விளக்குக்கு இரண்டு ஆள். மகாராணியை நீக்கியது செல்லாது. அதுவரை ஒருவரும் உள்ளே போவதில்லை.

"அவங்க வெளியில இருந்து ஆளு கொண்டாந்தா?" என்று கேட்டாள் தையல்காரி.

"வரட்டும். வர்றவனும் நம்மள மாதிரி ஒருத்தன்தானே. கேட்டுலயே பேசுவோம்," என்றார் மூத்தவர்.

ஜெயிப்போம் என்று யாரும் சொல்லவில்லை. பயம் எல்லோருக்கும் இருந்தது. மறுநாள் அடுப்புக்கு என்ன வழி என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் எழுந்து போகிறவர் ஒருவரும் இல்லை. மேக்கப்காரர் தன் பெட்டியை வெளியே எடுத்துவந்து அதன்மேலேயே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு முறைபோட்டுப் போய்வரப் பெயர் கேட்டபோது, முதல் ஆளாகத் துணைநடிகை கையைத் தூக்கினாள். அவளுக்குத் தலைசுற்றல் போயிருந்தது.

மூத்த லைட்பாய் மகாராணி பக்கத்தில் வந்து குந்தினார்.

"அந்த அம்மா வேஷம் போச்சே மகாராணி."

"போச்சு."

"வருத்தமா இருக்கா?"

"இல்லாமலா இருக்கும்? சம்பந்தியம்மா சாகறவரைக்கும் சிரிப்பா. எனக்கும் இனிமே யாரு கூப்பிட்டு வேஷம் குடுக்கப்போறா?" அவள் குரல் உடைந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போய் உக்காந்து நல்லா அழுவேன். அத விடு. காலையில கேட்டுக்கு எத்தன மணிக்கு வரணும், அதச் சொல்லு."