மன்மாயா சொல்லிக்கொடுத்த மோமோ

புரட்டாசி பிறந்துவிட்டால் சித்ரகலா வீட்டில் கவுச்சி கிடையாது. முட்டைகூட வாசல் தாண்டி வராது. ஆனால் ஒன்பதாவது படிக்கிற அவள் மகள் தேவிப்பிரியாவின் நாக்குக்குப் புரட்டாசியும் தெரியாது, ஐப்பசியும் தெரியாது. வேலம்பாளையம் பஸ் ஸ்டாப்பில் ஒரு தள்ளுவண்டிக்காரர் அலுமினிய அடுக்கைத் திறந்து ஆவி பறக்க மோமோ எடுத்துக் கொடுப்பதை அவள் தினமும் பார்த்துக்கொண்டு வருகிறாள்.

"வெஜ்ஜுதாம்மா. உள்ள வெறும் கோஸும் கேரட்டும்."

"அதே அடுக்குலதான் கோழியும் வேகுது. பேசாம நட."

"அப்பிடீன்னா நீயே ஊட்டுல செஞ்சு குடு."

சித்ரகலா செய்துதான் பார்த்தாள். போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மைதா பிசைந்தாள், கோஸை அரிந்தாள், இட்லிப் பாத்திரத்தில் அடுக்கி மூடினாள். திறந்தபோது ஒன்றுகூட உருப்படியாக இல்லை. மாவெல்லாம் வாய் பிளந்து கோஸ் வெளியே கிடந்தது. அவள் புருஷன் செல்வக்குமார் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "கொழுக்கட்டைக்குக் காய்ச்சல் வந்தாப்பல இருக்குது" என்றான்.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லிச் சிரித்தாள். சித்ரகலாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியன்களைப் புரட்டிப் போட்டு ஓட்டை, கறை, பிசிறு பார்க்க வேண்டும். அவளுக்குப் பக்கத்து டேபிளில் நிற்பவள் மன்மாயா. டார்ஜிலிங் பக்கத்து மலைக்காரி, வந்து நாலு வருஷம் ஆகிறது. கம்பெனியில் எல்லோரும் அவளை 'ஹிந்திக்காரப் புள்ள' என்பார்கள். உண்மையில் அவள் பேச்சு நேபாளி. ஹிந்தி அவளுக்கும் அரைகுறைதான். தமிழை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டாள். அதில் முக்கால்வாசி சித்ரகலாவிடம் கேட்டுப் பிடித்தது என்பதால் கொங்கு இழுவையும் சேர்ந்தே வந்துவிட்டது.

"கோஸுக்கு உப்புப் போட்டுத் தண்ணி பிழிஞ்சீங்களாக்கா?" என்று கேட்டாள் மன்மாயா.

"இல்லியே."

"அதானுங்க. அந்தத் தண்ணிதான் மாவ ஒடைக்குது. ஞாயித்துக்கிழமை நான் வரட்டுமா?"

வந்தாள். வரும்போதே கையில் பூரிக்கட்டை மாதிரி, ஆனால் சுண்டுவிரல் தடிமனில் ஒரு கட்டையைக் கொண்டுவந்தாள். சித்ரகலாவின் இட்லிப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, "இது போதும், இதுல நல்லா வரும்" என்றாள். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்தாள். கோஸைப் பொடியாக அரிந்து உப்புத் தூவி, கால்மணி நேரம் கழித்து வெள்ளைத் துணியில் கட்டி முறுக்கினாள். சொட்டுச் சொட்டாக ஆரம்பித்த தண்ணீர் அரை டம்ளர் வந்தது. அதன்பிறகு துருவிய கேரட், வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகுத்தூள், இரண்டு கரண்டி எண்ணெய். அவ்வளவுதான். அடுப்பில் வதக்கவே இல்லை.

"வட்டம் நடுவுல தடியா இருக்கோணும், ஓரம் மெல்லிசா. அப்பறம் இப்படி மடிச்சு மடிச்சு..." என்று அவள் விரலால் ஓரத்தைக் கொசுவிக்கொண்டே போனாள். 

"அட, இது சேலைக் கொசுவமாட்டவே இருக்குது!" என்றாள் சித்ரகலா. அப்படி நினைத்ததும் அவளுக்குக் கை வந்துவிட்டது. ஐந்தாவது மோமோவிலேயே மன்மாயா, "அக்கா, எங்கம்மா உங்களப் பாத்தா மருமகளாக் கேப்பாங்க" என்று சிரித்தாள்.

எண்ணெய் தடவிய தட்டில் பத்து நிமிஷம் வெந்து வந்தபோது மாவு கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே கேரட்டின் நிறம் தெரிந்தது. செல்வக்குமார் பன்னிரண்டு தின்றான். தேவிப்பிரியாவும் மன்மாயாவும் ஒரே தட்டில் எடுத்துத் தின்றார்கள். அடுத்த ஞாயிறும் அவள் வந்தாள். அன்றைக்கு வறுத்த எள்ளும் சுட்ட தக்காளியும் வரமிளகாயும் வைத்து ஒரு சட்னி அரைத்துக் காட்டினாள். சித்ரகலாவுக்கு மோமோ கைகூடியது, அந்தச் சட்னி மட்டும் சரியாக வரவில்லை. எள் கசந்தது.

அந்த வாரம் காலனி மகளிர் குழுவில் அறிவிப்பு வந்தது. புரட்டாசி மாதத்துக்காகச் சைவ உணவுத் திருவிழா, கடைசி ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில். சித்ரகலா மோமோவுக்குப் பெயர் கொடுத்தாள். சொன்னதும் மன்மாயாவுக்குத் தன் பெயரையே போட்ட மாதிரிச் சந்தோஷம்.

"நானும் பாக்க வர்றனுங்க்கா."

"வா கண்ணு" என்றாள் சித்ரகலா. சொல்லும்போதே, இவள் வந்து நம் பக்கத்தில் நின்றால் நாலு பேர் என்ன கேட்பார்களோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அதனால் எத்தனை மணிக்கு என்று சொல்லாமல் விட்டுவிட்டாள்.

மண்டபத்தில் இருபது டேபிள் போட்டிருந்தார்கள். ராகிப் புட்டு, கம்பங்கூழ், தேங்காய்ப் பால் ஆப்பம், வரிசையாக எல்லாம் தெரிந்த பண்டங்கள். சித்ரகலாவின் டேபிள் முன்னால்தான் கூட்டம் நின்றது. நின்றார்களே தவிர யாரும் கை நீட்டவில்லை. குழுத் தலைவி கமலாம்பாள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அறுபது வயசு, காலனியில் அவர் வாயிலிருந்து வருவதுதான் பேச்சு.

"இது அந்த ஹிந்திக்காரங்க திங்கறதல்லோ சித்ரா? என்னத்தையெல்லாம் போட்டுச் செய்வாங்களோ. புரட்டாசியும் அதுவுமா..."

பக்கத்திலிருந்த இருவரும் ஓரடி பின்வாங்கினார்கள். சித்ரகலாவுக்குக் காது சூடானது. காலையில் நாலு மணிக்கு எழுந்து செய்த நூற்றியிருபது மோமோவும் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போவது போலத் தோன்றிவிட்டது.

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்கக்கா" என்றாள் அவசரமாக. "அவங்க செய்யறது அசிங்கமுங்க, அதை யாரு தொடுவாங்க. இது சுத்தமா எங்கூட்டுல, எங்கையால செஞ்சது. அவங்க கை இதுல படவே இல்லீங்க. அவங்களையெல்லாம் நான் ஊட்டுக்குள்ளயே விடறதில்லீங்களே."

கமலாம்பாளின் முகம் தெளிந்தது. ஒரு மோமோவை எடுத்து வாயில் போட்டார். "அட, நல்லால்ல இருக்குது!" என்றார். கூட்டம் கை நீட்டியது.

அப்போதுதான் தேவிப்பிரியா அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். சித்ரகலா திரும்பினாள். டேபிளின் ஓரத்தில் மன்மாயா நின்றாள். பச்சை நிறச் சுடிதாரும் தலை நிறையப் பூவும். பூ வைத்து சித்ரகலா அவளைப் பார்த்ததே இல்லை. கையில் ஒரு எவர்சில்வர் டப்பா.

அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் சித்ரகலாவுக்கு ஏதாவது பேச வந்திருக்கும். கோபம் இல்லை. தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவள் போல நின்றாள். டப்பாவை டேபிளில் வைத்தாள்.

"சட்னிங்க மேடம். எள்ளு கசக்காது" என்றாள். போய்விட்டாள்.

நாலு வருஷத்தில் அவள் சித்ரகலாவை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவளைக் கூப்பிட வேண்டும் என்று சித்ரகலாவுக்கு வாய்வரை வந்தது. ஆனால் கமலாம்பாள் எதிரே நின்று மென்றுகொண்டிருந்தார். "யாரு கண்ணு அது?" என்று கேட்டார். "கம்பெனியில வேலை செய்யற புள்ளைங்க" என்றாள் சித்ரகலா. அதோடு நிற்கவில்லை. அடுத்து கை நீட்டியவருக்கு அந்த டப்பாவைத் திறந்து சட்னியையும் ஊற்றினாள். என்ன நினைப்பில் ஊற்றினாள் என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. கை தானாகப் போயிற்று, அவ்வளவுதான்.

மோமோவைவிடச் சட்னிக்குத்தான் பேர் வந்தது. முதல் பரிசு சித்ரகலாவுக்கு. ஒரு பெரிய அப்பச்சட்டி. மைக்கில், எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். "வீடியோ பாத்துங்க" என்றாள். கை தட்டினார்கள். கூட்டத்தில் தேவிப்பிரியாவைத் தேடினாள். அவள் மண்டபத்துக்கு வெளியே, அப்பாவின் பைக் மேல் உட்கார்ந்துகொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

 வீட்டில் மீந்த எட்டு மோமோவைச் சித்ரகலா தட்டில் வைத்து மகளிடம் கொடுத்தபோது, "பசிக்கல" என்றாள். மாசம் பூரா மோமோ மோமோ என்று பிராணனை வாங்கியவள். செல்வக்குமார் நடந்ததைக் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள காதுல உளுந்திருச்சா?" என்றான். "ம்" என்றாள். "உளுகாம இருந்தா மட்டும் சரியாயிருமா" என்று அவனே முணுமுணுத்துவிட்டு டிவியைப் போட்டான்.

திங்கட்கிழமை சித்ரகலா டப்பாவைக் கழுவி, வெறுமனே தரக்கூடாதென்று சர்க்கரை போட்டு எடுத்துப் போனாள். மன்மாயா வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் மேடம்" என்றாள். வேலையில் ஒரு குறையும் இல்லை. சித்ரகலா கவனிக்காமல் தள்ளிவிட்ட ஒரு பீஸில் கழுத்து ஓரத்துத் தையல் விட்டிருந்ததைப் பார்த்து, சத்தமில்லாமல் எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். சூப்பர்வைசர் பார்த்திருந்தால் திட்டு விழுந்திருக்கும். அந்த உதவி சித்ரகலாவை அறைந்த மாதிரி இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மன்மாயா தட்டை எடுத்துக்கொண்டு ஒடிசாப் பெண்களோடு படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

நாலு நாள் பொறுத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பச்சட்டியைத் தூக்கிக்கொண்டு கமலாம்பாள் வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது பொய்ங்க. எங்கூட வேலை செய்யற மன்மாயாங்கற புள்ளதான் எங்கூட்டுக்கு வந்து சொல்லிக்குடுத்துச்சு. அந்தச் சட்னி அவ அரைச்சது. நான் கேக்கவே இல்ல, அவளாக் கொண்டாந்தா. இந்தப் பரிசு எனக்கு வேண்டாமுங்க. குழுவுல எல்லாருகிட்டயும் சொல்லிருங்க."

கமலாம்பாள் கை நீட்டிச் சட்டியை வாங்கவில்லை. சிரித்தார். "அட, இதுக்கா இப்படி மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வந்த? யாருகிட்டக் கத்துக்கிட்டா என்ன கண்ணு. நல்லவேளை அன்னைக்கு நீ வாயத் தெறக்கல. சொல்லியிருந்தீன்னா பாதிப் பேரு தொட்டிருக்க மாட்டாங்க. சாமர்த்தியமாத்தான் பேசுன. சட்டியக் கொண்டுபோ, நோட்டுல பேரெல்லாம் எழுதியாச்சு."

சாமர்த்தியம். சித்ரகலா சட்டியைத் தூக்கிக்கொண்டே திரும்பி வந்தாள். திட்டியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும். தோளைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தத் தெருவில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் தன் கையிலிருப்பது என்னவென்று தெரியும் போல அவள் முந்தானையால் சட்டியை மூடிக்கொண்டு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மன்மாயாவின் அறைக்குப் போனாள். நாலு வருஷப் பழக்கத்தில் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தாள். மங்கலம் ரோட்டை ஒட்டி, வரிசையாகப் பன்னிரண்டு தகர அறைகள், கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஏழாவது அறையில் நாலு பெண்கள். சுவரோரமாகப் பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டு, தரை பளிச்சென்று துடைத்திருந்தது. சித்ரகலாவைப் பார்த்ததும் மற்ற மூவரும் எழுந்து நின்றார்கள். மன்மாயா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க மேடம்."

சித்ரகலா ஸ்டூலில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"நான் பேசுனது பொய்யி மன்மாயா. பயந்துட்டுப் பேசிட்டேன். அப்பறம் உன்ற சட்னிய ஊத்தினேன். மைக்குலயும் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சுரு."

மற்ற மூவருக்கும் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. தெரியாவிட்டாலும் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். மன்மாயா ஸ்டவ்வைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"பஸ்ல சொல்லுவாங்க. கடையில சொல்லுவாங்க. ரூம் கேக்கப் போனா ஊட்டுக்காரர் சொல்லுவாரு. நாலு வருஷமா கேக்கறனுங்க. அது காதுக்குப் பழகிருச்சு." டீத்தூளைப் போட்டாள். "உங்க ஊட்டுல தேவி தட்டுல சாப்பிட்டேன். அன்னைக்கு எங்கம்மாவுக்குப் போன் பண்ணி, இங்க எனக்கு ஒரு ஊடு இருக்குதுன்னு சொன்னேன்."

சித்ரகலாவால் நிமிர முடியவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீங்க போயிருவீங்க" என்றாள் மன்மாயா. "இப்ப சொல்ல எனக்கு வரலீங்க. பொய் சொல்ல வேண்டாமில்ல. டீ குடிங்க."

இஞ்சி தட்டிப் போட்ட டீ. சித்ரகலா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, நாக்குச் சுடச்சுட, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். நேபாளியில் ஒருத்தி ஏதோ கேட்டாள், மன்மாயா பதில் சொன்னாள். தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்றும் தெரிந்தது.

எழுந்தவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. வெளியே தண்ணீர்த் தொட்டிக்கு எடுத்துப்போய்க் கழுவினாள். கொண்டுவந்து ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள். மன்மாயா வேண்டாமென்று தடுக்கவும் இல்லை, வாசல்வரை வரவும் இல்லை.