வட்டக்குடாவை ஆங்கிலத்தில் எழுதுதல்

“பெயர் என்பது ஒரு மக்கள் கூட்டத்தின் ஆன்மா. அந்த ஆன்மாவை இன்று நாம் உலகத்தின் நெற்றியில் எழுதப்போகிறோம்” என்று அமிர்தநாயகம் மாஸ்ரர் கூட்டத்தைத் தொடக்கிவைத்தார். உலகத்தின் நெற்றி என்று அவர் சொன்னது வருடத்துக்குப் பத்து டொலர் கொடுத்தால் கிடைக்கிற ஓர் இணைய முகவரியை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒன்பது பேர். அதில் மூன்று பேர் கூரைக்குத் தறப்பாள் கொடுக்கிற கூட்டம் என்று நினைத்து வந்தவர்கள். அவர்கள் கடைசிவரை எழும்பிப் போகவில்லை. பேச்சு முடிந்த பிறகாவது கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது.

நான் வட்டக்குடா மீள்குடியேற்றச் சங்கத்தின் செயலாளர், பெனடிக்ற். 2007இல் எங்களைக் கடற்கரையிலிருந்து எழுப்பினார்கள். யுத்தம் முடிந்து மூன்று வருடமாகியும் ஊர் படைமுகாமின் முட்கம்பிக்குள்ளேதான் கிடந்தது. கடலிலிருந்து ஏழு கட்டை தள்ளி, அடம்பன் பக்கத்துப் பற்றைக் காட்டுக்குள் ஆளுக்கு ஒரு தறப்பாளும் எட்டுத் தகரமும் தந்து இறக்கிவிட்டு, கந்தோர்க் கடதாசியில் ‘மீள்குடியேற்றம் பூர்த்தி’ என்று எழுதினார்கள். வலை வீசுகிற சனத்தை எருமைமாட்டுக் காட்டில் கொண்டுபோய் விட்டதில் ‘மீள’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று நான் ஒரு கந்தோர்க்காரரிடம் கேட்டேன். அது சுற்றுநிருபத்தில் இருக்கிறது என்றார்.

இணையத்தளம் வேண்டுமென்று முதலில் கேட்டது மாஸ்ரர் அல்ல, எடித்தக்கா. அவவிடம் ஒரு பால்மா ரின் இருந்தது. அதற்குள் அரசாங்கம் தந்த காணி பேமிற், கோயிலில் எடுத்த ஞானஸ்நானப் பதிவின் பிரதி, ஒரு படம். படத்தில் இருப்பது அவவின் வளவுக் கிணறு. 1994இல் அவவின் மனுசன் வெட்டிக் கட்டியது. சீமெந்து காயமுதல் இரண்டு வயது மகள் மதுஷிகா கிணற்றுக் கட்டில் கையை வைத்து அமத்திவிட்டாள். அந்தச் சின்னக் கை அப்படியே பதிந்திருந்தது. மதுஷிகா 2009இல் எறிகணைச் செல் பட்டுச் செத்துப்போனாள். புதைத்த இடம் தெரியாது. ரின்னை எடித்தக்கா இடம்பெயர்ந்த இடமெல்லாம் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தா. அகதி முகாம் முகாமாகத் தப்பிவந்த கடதாசிகளைக் காட்டுக்குள் கறையான் தின்னத் தொடங்கியிருந்தது.

“தம்பி, தண்ணி படாத, கறையான் ஏறாத இடமெண்டு அந்த இன்ரநெற்றைச் சொல்லீனம். அதுக்குள்ள இதுகளை வைக்கேலுமோ?” என்று கேட்டா.

காணி விசாரணை வரப்போவதாக அறிவித்தல் வந்திருந்தது. அங்கே சனம் வாழ்ந்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். கொழும்பிலிருந்து ஒரு பத்திரிகைக்காரரும் போன் எடுத்து, “கடதாசிகளை எல்லாரும் பாக்கிறமாதிரி ஒரு இடத்தில போடுங்கோ, நான் அந்த விலாசத்தைப் போட்டு எழுதுறன்” என்று சொல்லியிருந்தார். ஆகவே முகவரி வேண்டும். முகவரிக்குப் பெயர் வேண்டும். அங்கேதான் ஆன்மா உள்ளே புகுந்தது.

மாஸ்ரர் கல்விக் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். ஒரு சொல்லைச் சும்மா விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் கொண்டுவந்த முதற் பெயர் ‘வட்டக்குடா பாரம்பரிய மரபுரிமை மீட்புப் பேரவை’ என்பதன் ஆங்கிலம். அடம்பன் சந்தியில் போனும் இன்ரநெற்றும் உள்ள கொமினிக்கேசன் கடை வைத்திருந்த கிறேஸ் அதை எழுத்தெண்ணிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு.

“மாஸ்ரர், இதை அடிச்சு முடிக்கிறதுக்குள்ள கரண்ட் போயிடும்” என்றாள். “பேர் சின்னனா இருக்கோணும். கோடு, புள்ளி ஒண்டும் வேண்டாம். போனில சொன்னா மற்றாள் பிழையில்லாமல் எழுதோணும். அதுதான் நல்ல பேர்.”

“அப்ப ஊர்ப் பேரை மட்டும் வைப்பம்” என்றேன். எல்லோரும் ஓம் என்றார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது.

வட்டக்குடாவை ஆங்கிலத்தில் எழுதுவதென்பது எங்களுக்கு இலக்கணப் பிரச்சினை இல்லை. எடித்தக்காவின் பேமிற்றில் அது வி-யில் (V) தொடங்கி நடுவில் இரண்டு டீ (D). அடையாள அட்டையில் டபிள்யூவில் (W) தொடங்கி இரண்டு ரீ (T). எழுதிய சிங்களக் கிளாக்கருக்கு ‘வத்த’, அதாவது தோட்டம், என்று காதில் விழுந்திருக்கிறது. இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்த காணி அதிகாரி, “இது ரெண்டு ஊர். நீங்க எந்த ஊர்?” என்று கேட்டாராம். அவ கிணறு இருக்கிற ஊர் என்று சொன்னாவாம். அப்படி ஓர் ஊர் பட்டியலில் இல்லை என்றாராம்.

அதனால் எந்த எழுத்து என்பது பெரிய விசயந்தான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஆறு கூட்டம் போட்டோம். ஸ்கைப்பில் ரொறன்ரோவிலிருந்து காமில் வருவான். என்னோடு படித்தவன், கார்ட்டில் காசு கட்டப்போகிறவன், ஆகவே அவனுக்கும் ஒரு கருத்து இருந்தது.

“டீ டீ எண்டு போட்டா வெள்ளைக்காரன் ‘வடா’ எண்டு வாசிப்பான் மச்சான். ரீ ரீ போடுங்கோ.”

“ரீ ரீ போடுறது இந்தியாக்காரன்” என்றார் மாஸ்ரர். “முப்பத்தைஞ்சு வருசம் நான் டீ டீ போட்டு எழுதினனான். அது எங்கட அடையாளம்.”

“வடா எண்டு வாசிக்கட்டுமே” என்றாள் கிறேஸ். “வடை நல்ல சாப்பாடுதானே.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அடையாளத்தைப் பற்றிப் பேசும்போது சிரிக்கக் கூடாது. க் ஒன்றா இரண்டா என்று ஒரு கூட்டம். கடைசியில் ஹெச் வருமா என்று ஒரு கூட்டம். நாலாவது கூட்டத்தில் மாஸ்ரர் ஒல்லாந்தர் காலத்து வரைபடம் ஒன்றைத் தேடி எடுக்கவேண்டுமென்றார். அந்தக் கூட்டத்தின் அறிக்கையில் நான் என் கையாலேயே எழுதினேன்: ‘மேலும் ஆலோசிப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது.’ எடித்தக்கா ஒவ்வொரு கூட்டத்துக்கும் ரின்னோடு வந்து பின் கதிரையில் இருப்பா. ஒருமுறை மட்டும் கேட்டா: “பேர் வைச்ச பிறகுதானோ கடுதாசியை ஏத்தலாம்?”

“அவசரப்படாதேங்கோ பிள்ளை” என்றார் மாஸ்ரர். “வரலாறு அவசரத்தில எழுதிறதில்லை.”

பத்திரிகைக்காரர் அடுத்த கிழமை வருகிறார் என்று தெரிந்த பிறகு, ஆறாவது கூட்டத்தில், டீ டீ வென்றது. வாக்கெடுப்பில் அல்ல, ஸ்கைப் அறுந்துபோனதால். கிறேஸின் கடையில் எல்லோரும் நிற்க, அவள் வி-யில் தொடங்கி எழுத்து எழுத்தாக அடித்தாள். மாஸ்ரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தேசியகீதத்துக்கு நிற்கிறமாதிரி நின்றார்.

“எடுத்திட்டினம்” என்றாள் கிறேஸ்.

“என்ன எடுத்திட்டினம்?”

“இந்தப் பேரை. ஆரோ முந்தியே பதிஞ்சிட்டினம்.”

அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வரப்போகிற ஒரு ஹொட்டலின் பக்கம். நீலக் கடல், வெள்ளை மணல், எங்கள் குடாவின் வளைவு. மனிதக் காலடி படாத கரை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் வாசித்து மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். அந்தக் கரையில் எனக்குத் தெரிந்து நாற்பத்தாறு வள்ளம் நின்றது. ஒரு மீனவனுக்கும் போக அனுமதியில்லாத கம்பிக்குள் ஹொட்டல்காரனின் கமெரா போய்வந்திருக்கிறது. கிறேஸ் கீழே உருட்டினாள். அடுத்த படம் ஒரு கிணறு. கழுவி, சுண்ணாம்பு அடித்து, பக்கத்தில் ஒரு சாடியில் பூ வைத்திருந்தார்கள். கிணற்றுக் கட்டில் ஒரு சின்னக் கை. ‘ஒல்லாந்தர் காலத்துக் கிணறு. இந்தக் கை அடையாளத்தின் மர்மம் இன்னும் அவிழவில்லை’ என்று எழுதியிருந்தது.

நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் படத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

மாஸ்ரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தின் தலையைக் குனிந்து பார்த்தார். “பாத்தீங்களே?” என்றார். குரலில் ஒரு திருப்தி. “டீ டீதான் போட்டிருக்கிறான். நான் சொன்னனான்.”

எடித்தக்கா ரின்னை மேசையில் வைத்தா. மெல்ல வைக்கவில்லை. கீபோட் துள்ளியது.

“மாஸ்ரர், அது என்ர பிள்ளையின்ர கை.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்கட டீயையும் ரீயையும் கொண்டுபோய்க் கடலில போடுங்கோ. ஆறு மாசம்! அவன் ஒருத்தன் வந்து, என்ர கிணத்தைக் கழுவி, என்ர பிள்ளையின்ர கையைக் காட்டிக் காசு சேர்க்கப்போறான். நீங்கள் இருந்து வரலாறு எழுதுறீங்கள்.” பிறகு கிறேஸைப் பார்த்து, “எந்தப் பேர் மிச்சம் இருக்கோ அதை எடு பிள்ளை” என்றா.

ஹொட்டல்காரன் பெயரைப் பதிந்த திகதியைக் கிறேஸ் தேடிச் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முந்திப் பதினாலாம் திகதி. நான் அறிக்கைக் கொப்பியைப் புரட்டினேன். பதினாலாம் திகதி எங்களுடைய நாலாவது கூட்டம்.

மிச்சம் இருந்தது டபிள்யூ, ரீ ரீ. கிளாக்கரின் எழுத்து. எங்களைத் தோட்டமாக்கிய எழுத்து. பதிவதற்கு எட்டு நிமிடம் பிடித்தது. அதில் மூன்று நிமிடம் காமில் தன் கார்ட்டைத் தேடியது. கிறேஸ் கதிரையை எனக்கு விட்டுவிட்டு எடித்தக்காவின் கடதாசிகளை ஸ்கான் பண்ணப் போனாள். படிவம் கடவுச்சொல் கேட்டது. மூலையில் நின்ற மாஸ்ரருக்கு அப்போது கொஞ்சம் குரல் திரும்பியிருந்தது.

“ஊரின்ர பேரையே போடும் பெனடிக்ற். அதை எவனாலையும் எங்களிட்டை இருந்து பறிக்கேலாது.”

நான் அவசரத்தில் ஆங்கிலத்தில் அடித்துப் போட்டேன். சங்கத்துக்கென்று திறந்த மின்னஞ்சலுக்கும் அதையே போட்டேன்.

பத்திரிகைக்காரர் வந்து எழுதினார். அரைப்பக்கம் வந்தது. கிணற்றின் படமும் வந்தது, கறுப்பு வெள்ளையில், கை தெரியாமல். விசாரணை பெப்ரவரிக்குத் தள்ளிப்போனது, பிறகு மேக்கு, பிறகு ஒக்ரோபருக்கு. இடையில் மார்கழி வெள்ளம் வந்து எடித்தக்காவின் கொட்டிலுக்குள் இடுப்பளவு நின்றது. ரின்னின் மூடி துருவேறி ஓட்டையாகியிருந்தது. உள்ளே கஞ்சிமாதிரி ஏதோ இருந்தது. அவ அழவில்லை. “பரவாயில்லைத் தம்பி, அங்க இருக்குத்தானே” என்று மேலே கையைக் காட்டினா. இணையம் வானத்தில் இருக்கிறதென்று அவவுக்கு ஆரோ சொல்லியிருந்தார்கள். சித்திரை இடியில், ஸ்கான் பிரதிகள் இருந்த கிறேஸின் கொம்பியூட்டர் எரிந்தபோதும் நாங்கள் அதையேதான் சொல்லிக்கொண்டோம்.

ஒக்ரோபரில் விசாரணைக்குப் போனோம். அத்தாட்சி எங்கே என்று அதிகாரி கேட்டார். நான் எழும்பி முகவரியைச் சொன்னேன், எழுத்து எழுத்தாக, டபிள்யூவில் தொடங்கி. அவர் தன் கொம்பியூட்டரில் அடித்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இந்தப் பெயரின் தவணை முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தது. அதன் கீழே கடலோர ஹொட்டல் அறைகளுக்கு ஒரு விளம்பரம்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் ரைம் தாறன்” என்றார். நல்ல மனுசன்.

கிறேஸின் கடைப் புதுக் கொம்பியூட்டருக்கு ஓடினோம். காமிலுக்குப் போன் எடுத்தேன். ரொறன்ரோவில் விடியப்புறம், நித்திரைக் குரலில், “காசு இப்பவே கட்டுறன் மச்சான். பாஸ்வேட்டைச் சொல்லு” என்றான். எடித்தக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றா. கையில் ரின் இல்லாததால் அவவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“என்ன தம்பி யோசிக்கிறீர்? எங்கட ஊர்ப் பேர்தானே?”

“ஓம் அக்கா.”

தளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் பதினொரு விதமாக அடித்துப் பார்த்தேன். இரண்டும் திறக்கவில்லை. அன்றைக்கு அதை எந்த எழுத்தில் அடித்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.