பதினைந்து நிமிட அசைவின்மை

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு, எங்கள் அலுவலகத்துக்காக வீட்டிலிருந்து தட்டச்சு செய்யும் அக்கா போனில் கூப்பிட்டபோது குரலில் கோபம் இல்லை. "தம்பி, பாதி அடிச்சு வச்ச ரிப்போர்ட்டைக் காணோம். அவரைத் திருப்பிப் படுக்க வச்சுட்டு வந்து பாக்குறேன், மொதல்லேருந்து பாஸ்வேர்ட் கேக்குது" என்றார். அவ்வளவுதான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு நாள் முன்பு அலுவலக சர்வரில், வெளியிலிருந்து இணைய உதவும் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றியவன் நான். அதோடு வந்த நாற்பது பக்க மாற்றக் குறிப்பை அலுவலகத்தில் முழுக்கப் படித்தவனும் நான் ஒருவன்தான். இருபத்தாறாம் பக்கத்தில், படிக்கிறவன் கண்ணில் படவேண்டாம் என்பதுபோல ஒரு வரி இருந்தது. பழைய பதிப்பில் பதினைந்து நிமிடம் அசைவில்லாமல் இருந்தால் இணைப்பு துண்டிக்கப்படும். செய்த வேலை சர்வரில் அப்படியே காத்திருக்கும். திரும்ப வந்தால் விட்ட எழுத்திலிருந்து தொடரலாம். புதியதில் அது துண்டிக்கப்படாது, முடித்துவைக்கப்படும். பாதி ரிப்போர்ட்டைச் சேமிக்க எங்களிடம் வழியில்லை, முடித்து அனுப்பினால்தான் பதிவாகும். பாதியில் நின்றது போனது போனதுதான்.

ஸ்கேன் பார்க்கும் டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்ததைக் கேட்டு ரிப்போர்ட்டாகத் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் எங்கள் நிறுவனத்தின் வேலை. வீட்டிலிருந்து இருபத்திரண்டு பேர் அலுவலக சர்வருக்குள் நுழைந்து அடிக்கிறார்கள். அக்காதான் அவர்களில் வேகம். அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்த நாட்களில் அவரை 'மழை' என்போம். அவர் அடிக்கும் சத்தம் தகரக் கூரையில் மழை பெய்வது போலிருக்கும். அவருடைய கணவர் உயரமான கட்டடங்களில் கிரேன் ஓட்டியவர். இரண்டு வருடம் முன்பு மூளையில் ரத்தம் உறைந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு பாதி போனது. வலது கை மட்டும் தப்பியது. அன்றிலிருந்து அக்கா வீட்டில்தான் வேலை பார்க்கிறார். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை அவரைத் திருப்ப வேண்டும், துடைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். ஆள் கனம். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகிவிடும். அதைத் தவறவிட்டால் படுக்கைப் புண் வரும். இடுப்புக்குக் கீழே ஒன்று ஏற்கெனவே வந்து, அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்தது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "பழைய மாதிரி வேணும்னா செட்டிங்ஸ்ல ஒரு டிக் எடுத்தா போதும் சார். அக்காவுக்கு மட்டும் எடுத்துடலாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒருத்தருக்கு எடுத்தா இருபத்திரண்டு பேரும் வந்து நிப்பாங்க. தணிக்கைக்கு வர்றவங்க, ஆளில்லாத இணைப்பு திறந்து கிடக்குதான்னுதான் மொதல்ல கேக்குறாங்க. விட்டுடுப்பா."

கெட்டவர் இல்லை. கிரேன்காரருக்கு மண்டையில் ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுக்க முதலில் ஓடியவர் அவர்தான். நான் இன்னும் கொஞ்சம் மல்லுக்கட்டியிருக்கலாம். அந்த மாதம் என்னுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அக்காவே கூப்பிட்டார். "வழி கண்டுபிடிச்சாச்சு தம்பி. அவர்தான் மவுஸை ஆட்டுறார்." ஒயர் இல்லாத இன்னொரு மவுஸ் வாங்கி, கட்டிலில் ஒரு பலகை போட்டு, வலது கையடியில் வைத்திருக்கிறார். அக்கா துடைத்துக்கொண்டிருக்கும்போதும், சமைக்கும்போதும், மருந்துக்கடைக்குப் போகும்போதும் அவர் அசைத்துக்கொண்டே இருப்பாராம். "கிரேன் ஓட்டின கை, சும்மா இருக்குமா? இப்பல்லாம் ஒம்போது மணிக்குச் சட்டை போட்டு விடுன்னு கேக்குறார். டூட்டியாம்." அக்கா சிரித்ததை வெகுநாள் கழித்துக் கேட்டேன்.

ஒருநாள் சர்வரிலிருந்து அக்காவுடைய திரையைத் திறந்து பார்த்தேன். அம்புக்குறி மெதுவாக வலப்பக்கம் போய், நின்று, திரும்பி வந்தது. எந்தப் பொத்தானிலும் படவில்லை. கனமான எதையோ ஆள் தலையில் படாமல் இறக்குகிற நிதானம் அதில் இருந்தது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மூடினேன்.

நான்கு மாதத்தில் அடுத்த பதிப்பு வந்தது. இம்முறை ஒன்பதாம் பக்கத்திலேயே இருந்தது. எழுத்தோ சொடுக்கோ இல்லாத வெறும் மவுஸ் அசைவு இனி வேலையாகக் கணக்கில் வராது. அப்படி அசைப்பவர்களின் பெயர்ப் பட்டியல் வாரந்தோறும் மேலதிகாரிக்குப் போகும். டிஸ்க்கில் இடம் போதவில்லை, பேக்கப் எடுக்கவில்லை என்று சாக்குச் சொல்லி இரண்டு வாரம் தள்ளினேன். மூன்றாவது வாரம் மேனேஜர் தேதி குறித்துவிட்டார். அன்று மத்தியானமே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அக்கா குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"பேர் போட்டே வருமா?"

"வரும்க்கா."

"அப்ப கம்ப்யூட்டர்ல சொருகியிருக்குற, அந்த மவுஸோட சின்ன ரிசீவரைக் கழட்டிடுறேன். மவுஸ் அவர் கையிலயே இருக்கட்டும். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத தம்பி. ரெண்டு வருஷமா சாவைத் தவிர வேற பேச்சு இல்ல. இந்த நாலு மாசமாத்தான் அந்தப் பேச்சை விட்டிருக்கார்."

"வேலை?"

"பதினாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் ஓடி வந்து ஒரு கீயைத் தட்டிக்கறேன்."

"துடைச்சிட்டு இருக்கும்போது?"

"பாதில விட்டுட்டு வருவேன்" என்றார்.

அப்படித்தான் செய்தார். பதிவேட்டில் பதினான்கு நிமிடத்துக்கொன்றாக அந்த ஒற்றைத் தட்டல் வந்துகொண்டே இருந்தது. புதிய பதிப்பு ஏறிய மூன்றாவது வாரம், புதன்கிழமை ஒரு தட்டல் வரவில்லை. பதினைந்தாவது நிமிடத்தில் இணைப்பு முடிந்தது. அக்கா என்னைக் கூப்பிடவில்லை. மனசு கேட்காமல் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்த அக்காவின் கைகளில் ரப்பர் உறை இருந்தது. உள்ளேயிருந்து டெட்டால் வாசனையும் அதற்கடியில் வேறொரு வாசனையும் வந்தன. "புண்ணு மறுபடி உடைஞ்சிடுச்சு. பாதில விட முடியல" என்று மெல்லச் சொல்லிவிட்டு, உறையைக் கழற்றிப் போட்டு, கை கழுவிக்கொண்டு போய்க் கணினி முன் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அழிந்துபோன ரிப்போர்ட்டை முதல் வரியிலிருந்து அடிக்கத் தொடங்கினார்.

திரை தெரியாதபடி அக்கா திருப்பிப் போட்டிருந்த கட்டிலில், கணினிக்கு முதுகு காட்டி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார் மாமா. தேய்த்த நீலச் சட்டை, கழுத்துவரை பொத்தான். முகம் மழித்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டார்.

"லைன்... விடாம... நிக்குதா தம்பி?"

"நிக்குது மாமா."

அவர் தலையசைத்தார். கை நிற்கவில்லை. மவுஸின் அடியிலிருந்த சிவப்பு வெளிச்சம் பலகைமேல் மெதுவாக வலப்பக்கம் போனது, நின்றது, திரும்பி வந்தது. அவருக்குப் பின்னால் அக்காவின் விரல்கள் மழையாய் இறங்கிக்கொண்டிருந்தன. திரையின் ஓரத்தில் அம்புக்குறி அசையாமல் நின்றது.