கழுத்தைப் பார்த்துக் கம்பு

சம்பளம் கிடையாது. வெற்றிலை பாக்குகூட அவரவர் மடியிலிருந்துதான். அப்படியும் பந்தல்குடி குடும்ப சகாய சங்கத்தின் கமிட்டியில் இடம் பிடிக்க ஆள் முண்டியடித்தது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் தர்மம் என்பார்கள்.

சண்டைக் காலம் அது. பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அரிசி வரத்து நின்றுவிட்டது. மழையும் பொய்த்தது. பிழைக்கப் போன ஆண்களில் பாதிப் பேர் பர்மாவில் இருந்தார்கள், அல்லது இல்லை. இன்னது என்று சொல்ல ஒரு தகவலும் வரவில்லை. அந்த வீடுகளில் அடுப்பு எரிய வேண்டும் என்றுதான் சங்கம் தொடங்கினார்கள்.

தலைவர் சவரியப்பன், பஞ்சு வியாபாரி. சண்டையில் பஞ்சு விலை ஏறி, கையில் காசு சேர்ந்துவிட்டது. தான் உள்ளே நுழையும்போது பத்துப் பேர் எழுந்து நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் பாக்கி. ரெட்டியபட்டி ஆண்டிச்சாமி தன் குதிரிலிருந்து கம்பு கொடுத்தவர். கொடுத்த கம்பு தன் பேரைச் சொல்லிக்கொண்டு போகிறதா என்று பார்க்க வாரம் தவறாமல் வண்டி கட்டி வந்தார். தாவீதுராஜ் வாத்தியார் பாதிரியார் சொன்னதைத் தட்ட முடியாமல் வந்தவர். வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நாலாவது ஆள் ஞானப்பூ. மருத்துவச்சி, கணவனை இழந்தவள். அவளைச் சேர்த்ததற்குக் காரணம் சங்கத்தின் விதி. புருஷனை இழந்தவளுக்கு மட்டும்தான் கம்பு. புருஷன் உயிரோடிருக்க அவன் பெண்டாட்டிக்கு ஊரார் படியளந்தால் அது அந்த ஆம்பிளைக்கு அவமானம் என்று மூன்று பேரும் மனதார நம்பினார்கள். கெட்ட எண்ணத்தில் போட்ட விதியில்லை, அதுதான் கொடுமை. ஆனால் வந்து நிற்கிறவள் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று ஆண்கள் உற்றுப் பார்க்க முடியுமா? அதற்கு ஒரு பொம்பளை வேண்டியிருந்தது.

ஞானப்பூ ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. முந்தைய பஞ்சத்தில் அவள் தன் மகள் ஜெயசெல்வியைத் தூரத்து ஊர் அனாதை விடுதியில் விட்டிருந்தாள். வயிற்றுக்காவது கிடைக்கட்டும் என்று விட்டாள். வயிற்றுக்குக் கிடைத்தது. ரொம்ப நாள் கழித்துப் பார்க்கப் போனபோது பிள்ளை விடுதிக்கார அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவுக யாரு?" என்று கேட்டது. ஞானப்பூ கொண்டுபோன சீனிமிட்டாயை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். இன்னொரு பிள்ளை அப்படிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் அந்த மூன்று பேரோடு உட்கார்ந்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கருத்தம்மாள் வந்தாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக இரண்டு பிள்ளைகள். அவள் புருஷன் மொக்கையன் ரங்கூனுக்கு மூட்டை தூக்கப் போனவன், ஒரு தகவலும் இல்லை. கழுத்தில் தாலிக்கயிறு மஞ்சள் மாறாமல் கிடந்தது. சாப்பாட்டுக்கு இல்லாத வீட்டில் மஞ்சளுக்கு மட்டும் எப்படியோ வழி பண்ணியிருந்தாள்.

விதி விதிதான் என்றார் சவரியப்பன். வேண்டுமானால் பிள்ளைகளை மதுரைப் பக்கம் ஒரு விடுதியில் சேர்த்துவிடலாம் என்றும், அடுத்த கூட்டம் முடிந்ததும் தானே வண்டி ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். வாத்தியார் தலையாட்டினார். ஞானப்பூ எவ்வளவோ மல்லுக்கட்டிப் பார்த்தாள். நாளைக்கு மொக்கையன் வந்து என் பெண்டாட்டியைப் பிச்சைக்காரியாக்கினது யார் என்று கேட்டால் நீங்களா பதில் சொல்வீர்கள் என்று ஆண்டிச்சாமி அவள் வாயை அடைத்தார். கருத்தம்மாள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞானப்பூ தன் வீட்டுக் கம்பில் பாதியை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அது எத்தனை நாளைக்கு வரும்?

அடுத்த கூட்டத்துக்கு வெறுங்கழுத்தோடு வந்தாள் கருத்தம்மாள். சாவுச் செய்தி வந்ததா என்று சவரியப்பன் கேட்டார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தாக்கல் ஒண்ணும் வரல சாமி. எம்பிள்ளைகளக் கேட்டீகள்ல, அதுக்குப் பதிலா இத வச்சுக்கோங்க."

என் மகனைக் கொன்றுவிட்டாய் என்று மாமியார் பெத்தம்மாள் அவளை வீட்டைவிட்டுத் துரத்திய விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. சவரியப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு, அளந்து விடுங்கள் என்றார்.

அவள் போனதும் ஞானப்பூ விதியை மாற்றச் சொன்னாள். முதல் தடவையாக வாத்தியாரும் மாற்றலாம் என்றார். ஆண்டிச்சாமி யோசித்துவிட்டுச் சொன்னார்:

"இப்ப மாத்துனா அந்தப் பிள்ளை அறுத்தது வீணாப் போயிருமே."

அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார். விதி அப்படியே நின்றது.

வெளியே வந்ததும் வாத்தியார், இனி இந்தப் பாவத்துக்கு நான் வரவில்லை, நீங்களும் விலகிவிடுங்கள் என்றார். ஞானப்பூவுக்கும் ஆத்திரமாகத்தான் இருந்தது. அந்த மேசையைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போலிருந்தது.

"நான் எந்திரிச்சுட்டா, கழுத்தப் பாக்க வேற ஒருத்திய உக்கார வைப்பாக வாத்தியாரய்யா. அவ நல்லாப் பாப்பா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வரவில்லை. வாசலில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். சேதி பரவிவிட்டிருந்தது. எல்லோரும் வெறுங்கழுத்து. அதில் சந்தனம்மாளின் புருஷன் அவளைத் தள்ளிவைத்துவிட்டுக் காரியாபட்டியில் உயிரோடு வண்டியடிப்பது ஊருக்கே தெரியும். ஞானப்பூ பார்த்தாள், அளந்தாள். கை வலிக்கவில்லை, மனசுதான் வலித்தது.

கடைசியில் நின்றவள் செல்லக்கிளி, கல்யாணமாகி வருஷம் திரும்பாதவள். பிழைக்கப் போன புருஷனைப் பற்றித் தகவல் இல்லை. மாசமாக இருந்தாள். அறுக்க மனம் வராமல் முந்தானையைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். பிடித்த கைக்குக் கீழே கயிற்றின் நுனி தெரிந்தது.

உள்ளேயிருந்து சவரியப்பன் கேட்டார்: "கழுத்தப் பாத்தாச்சாம்மா?"

ஞானப்பூ அந்தக் கயிற்றை உள்ளே தள்ளி, முந்தானையை இழுத்து மூடிவிட்டாள்.

"பாத்துட்டேன். இவளும் அறுத்தவதான்."

செல்லக்கிளிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உயிரோடிருக்கிறானோ என்னவோ, அவள் புருஷனை ஞானப்பூ தன் வாயால் கொன்றுவிட்டாள். கொன்றுவிட்டு, படி நிறையக் கம்பை அள்ளி அவள் மடியில் போட்டாள்.